ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது, வட்டார வள மையத்திடம் இனி என்ன கேட்பது?

கரிசல் டீச்சர் | திங்கள், இரவு 8:40

எல்லோருக்கும் வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில் ஈராசிரியர் தொடக்கப்பள்ளியில் வேலை செய்கிறேன். மூன்று, நான்கு, ஐந்து வகுப்புகள் என் பொறுப்பு. மூன்றுக்கும் ஒரே அறை. ஒன்றையும் இரண்டையும் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்கிறார்.

79,723 ஆசிரியர்களுக்குக் கைக்கணினி, தொடக்கப்பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகள் என்று அரசு அறிவித்ததே, அதில் எங்கள் பள்ளியும் உண்டு. கைக்கணினி முதலில் வந்தது. பிறகு ஸ்மார்ட் போர்டு வந்து சுவரில் ஏறியது. இணைய இணைப்பும் கொடுத்துவிட்டார்கள். நல்ல பொருள்தான். பிள்ளைகள் அதை விட்டு நகரவே மாட்டேன் என்கிறார்கள்.

ஒன்றியத்துப் பள்ளிகளுக்குப் பயிற்சியும் உதவியும் தரும் வட்டார வள மையத்தில் ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். கருத்தாளர் பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தார். ஆனால் கூடம் நிறைய ஆசிரியர்கள், பலகை ஒன்றே ஒன்று. எப்படி ஆன் செய்வது, கைக்கணினியில் ஓடுவதைப் பலகையில் எப்படிக் காட்டுவது, எழுதியதை எப்படிச் சேமிப்பது என்பதோடு மாலை ஆகிவிட்டது. எனக்கு வேண்டியது அதற்கு அடுத்த படி. மூன்று வகுப்பு ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும்போது நான்காம் வகுப்புக்குப் பலகையில் பாடம் ஓட்டினால் மற்ற இரண்டு வகுப்பும் அதையேதான் பார்க்கும். வீடியோ முடிந்ததும் "இன்னொன்று போடுங்க டீச்சர்" என்பார்கள். பாடம் எங்கே போனது என்று எனக்கே தெரியாது.

உங்கள் ஒன்றியத்தில் வள மையத்தார் பள்ளிக்கு வந்து உதவுகிறார்களா? எப்படிக் கேட்டால் கிடைக்கும்? கேட்டு வாங்கியவர்கள் எழுதுங்கள். கிடைக்காதவர்களும் எழுதுங்கள், அதுவும் தெரியவேண்டும்.


பயிற்றுநர் வடக்கு | திங்கள், இரவு 10:15

டீச்சர், நான் வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநர். வேறு மாவட்டம். உள்ளே இருப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அனைவருக்கும் கல்வி இயக்கம் வந்த 2000-களின் தொடக்கத்தில் வட்டார வள மையங்கள் பரவலாயின. 2018-இல் அந்த இயக்கம், இடைநிலைக் கல்வித் திட்டம், ஆசிரியர் கல்வி மூன்றையும் சேர்த்து ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி ஆக்கினார்கள். பெயர் மாறினாலும் மையம் அதே இடத்தில் இருக்கிறது. எங்களில் ஒவ்வொருவருக்கும் சில குறுவள மையங்கள், அதற்குக் கீழே பத்துப் பதினைந்து பள்ளிகள், சில இடங்களில் அதற்கும் மேலே. வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பது, ஆசிரியருக்குத் துணை நிற்பது, தேவைப்பட்டால் நாங்களே ஒரு பாடம் எடுத்துக் காட்டுவது, இதற்குத்தான் இந்தப் பணியிடமே.

நடப்பது என்ன? காலையில் அலுவலகம் போனதும், பள்ளி விவரங்களை ஏற்றும் எமிஸ் இணையதளத்தில் எந்தப் பள்ளியில் எது நிரம்பவில்லை என்ற பட்டியல் காத்திருக்கும். வருகைப் பதிவு, மதிப்பீட்டு மதிப்பெண், ஆதார் விவரம், வங்கிக் கணக்கு, நலத்திட்டப் பொருள் வழங்கிய விவரம். பள்ளி பள்ளியாக ஃபோன் போடுவதில் பாதி நாள் போய்விடும். மீதி நேரத்தில் பள்ளிக்குப் போனால் அங்கேயும் ஆசிரியர் நம்மிடம் கேட்பது "சார், இந்த என்ட்ரி ஏறமாட்டேன் என்கிறது" என்பதைத்தான். 2023-இல் ஆசிரியர் சங்கங்கள் போராடிய பிறகு பதிவுச் சுமையைக் குறைக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. குறைந்தும் இருக்கிறது. எங்கள் நேரம் முழுதாகத் திரும்பி வரவில்லை.

ஆகவே எங்களிடம் எப்படிக் கேட்பது என்றால், பாடத்தை வைத்துக் கேளுங்கள். "ஸ்மார்ட் போர்டு பயிற்சி வேண்டும்" என்றால் அது இன்னொரு பயிற்சி நாளாக மாறிவிடும். "அடுத்த வாரம் நான்காம் வகுப்புக்குப் பின்னம் தொடங்குகிறேன், அன்றைக்கு வகுப்பில் கூட இருங்கள், மற்ற இரண்டு வகுப்புக்கு வேலை பிரித்துக்கொடுக்க உதவுங்கள்" என்று கேட்டால் எங்களுக்கும் போக ஒரு காரணம் கிடைக்கும். அதைத் தலைமையாசிரியர் வழியாக நாலு வரி எழுதிக் கொடுங்கள். எங்கள் மைய மேற்பார்வையாளர் கையில் தாள் இருந்தால், எமிஸ் பட்டியலை அன்று இன்னொருவர் பார்த்துக்கொள்வார்.


ஓய்வுபெற்ற ஹெச்.எம். | செவ்வாய், காலை 6:05

பயிற்றுநர் சொன்னதோடு ஒரு பழைய கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தலைமுறைக்கு அது தெரியாது.

கணினி பள்ளிக்கு வருவது இது முதல் முறை இல்லை. நடுநிலைப்பள்ளிகளுக்குக் கணினிவழிக் கற்றல் மையம் என்று ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் கொடுத்தார்கள். பாடக் குறுந்தகடுகளும் வந்தன. நான் பார்த்த பல பள்ளிகளில் அவை தலைமையாசிரியர் அறையில் துணி போர்த்தியபடி இருந்தன. ஆசிரியருக்கு விருப்பமில்லை என்று வெளியே இருப்பவர்கள் நினைத்தார்கள். காரணம் இருப்புப் பதிவேடு. பொருள் தலைமையாசிரியர் பெயரில் ஏறியிருக்கும். திருடு போனால், உடைந்தால், தணிக்கையில் அவர்தான் பதில் சொல்லவேண்டும். ஓய்வு பெறும் நேரத்தில் ஒரு மானிட்டருக்காகப் பணப்பலன் நின்றவர்களை எனக்குத் தெரியும். அப்படி ஒருவரைப் பார்த்தபிறகு எந்த ஹெச்.எம். துணிந்து பிள்ளைகள் கையில் கொடுப்பார்?

வள மையம் இங்கே பெரிய உதவி செய்யலாம், பல இடங்களில் செய்வதில்லை. பொருள் பழுதானால் யாருக்கு எழுதுவது, திருடு போனால் எந்த வரிசையில் புகார் கொடுப்பது, பயன்படாமல் போனதைப் பதிவேட்டிலிருந்து எப்படிக் கழிப்பது என்று ஒரே பக்கத்தில் எழுதி எல்லாத் தலைமையாசிரியருக்கும் கொடுக்கட்டும். பிள்ளைகள் பாடத்துக்காகத் தொட்டுக் கெட்டுப்போனால் ஆசிரியர் பொறுப்பில்லை என்று மாவட்டத்திலிருந்து எழுத்தில் வாங்கித் தரட்டும். ஒரு நாள் பயிற்சியைவிட இந்தத் தாள் அதிகப் பலகைகளை ஆன் செய்யவைக்கும்.

கரிசல் டீச்சர், உங்கள் தலைமையாசிரியர் பலகையைத் தொடவிடுகிறாரா என்பதை நீங்கள் சொல்லவில்லை. அதை முதலில் சொல்லுங்கள் அம்மா.


கரிசல் டீச்சர் | செவ்வாய், மாலை 5:30

விடுகிறார் ஐயா. நல்ல மனிதர். ஆனால் மாலையில் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோவார், சனி ஞாயிறு இரண்டு முறை பள்ளிப் பக்கம் வந்து பார்த்துவிட்டுப் போவார். நீங்கள் எழுதியதைப் படித்தபிறகுதான் அவர் ஏன் அப்படி அலைகிறார் என்று புரிகிறது.


லேப் பொறுப்பு | செவ்வாய், இரவு 9:20

நான் மேல்நிலைப்பள்ளியில் கணிதம். ஹைடெக் லேப் என்ற கணினி அறையின் பொறுப்பும் என் தலையில் இருக்கிறது. 2019-ஐ ஒட்டி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் வந்ததே, அந்த லேப்.

டீச்சர், உங்கள் பலகை தனியாக இயங்கும். எங்கள் லேப் அப்படி இல்லை. ஒரு சர்வர், மேசைகளில் இருப்பவை எல்லாம் அதை நம்பி ஓடும் தின் கிளையன்ட் பெட்டிகள். சர்வர் படுத்தால் மொத்த லேபும் படுத்துவிடும். யு.பி.எஸ். பேட்டரி வயதாகிவிட்டால் கரண்ட் ஒரு நொடி போய் வந்தாலே சர்வர் அணைந்து எழும், அதற்குள் பீரியட் போய்விடும். இதை வள மையத்தில் சொல்லிப் பயனில்லை, அவர்களால் சர்வரைத் திறக்க முடியாது. பராமரிப்பு ஒப்பந்த நிறுவனத்திடம் டிக்கெட் போட்டுவிட்டுக் காத்திருக்கவேண்டும். எங்களுக்கு ஒருமுறை ஒரு பருவமே போய்விட்டது.

நான் சொல்ல வந்தது, பழுது பார்ப்பதையும் பாடத்துக்கு உதவுவதையும் நாம் ஒரே மூட்டையாகக் கட்டி வள மையத்தின் முன் வைத்துவிடுகிறோம். முதலாவது அவர்களால் முடியாது. இரண்டாவது அவர்களால் மட்டும்தான் முடியும். முடியாததைக் கேட்டுக் கேட்டு, முடிந்ததையும் கேட்க மறந்துவிடுகிறோம்.

எங்கள் வள மையம் செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்லவேண்டும். ஒன்றியத்துக்குப் பொது வினாத்தாள் தயாரிக்கும்போது ஒருவர் பாமினி எழுத்துருவில் அடிப்பார், ஒருவர் வானவில் எழுத்துருவில் அடிப்பார். இன்னொரு பள்ளியில் திறந்தால் தமிழ் எழுத்தே இருக்காது, குறியும் கோடுமாக நிற்கும். கடைசியில் எல்லோரும் டவுனில் டிடிபி கடைக்குப் போவார்கள். ஒரு சனிக்கிழமை குறுவள மையக் கூட்டத்தில் அங்குள்ள விவரப் பதிவாளர் எங்களுக்குத் தமிழ்99 விசைப்பலகை சொல்லிக்கொடுத்தார். உயிரெழுத்து இடக்கைப் பக்கம், மெய்யெழுத்து வலக்கைப் பக்கம், அவ்வளவுதான் அடிப்படை. 1999-இலேயே அரசு தரமாக ஏற்ற விசைப்பலகை, நாங்கள் யாரும் தொட்டதில்லை. பழைய கோப்புகளை, எந்தக் கணினியில் திறந்தாலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றவும் காட்டினார். அந்த ஒரு அமர்வோடு எங்கள் ஒன்றியத்தில் வினாத்தாள் பிரச்சினை அநேகமாகத் தீர்ந்துபோனது. அதை நடத்தியவர் கருத்தாளர் பட்டியலில்கூட இல்லாதவர். யாருக்கு எது தெரியும் என்று பார்த்து மேடை கொடுத்த மேற்பார்வையாளரைத்தான் பாராட்டவேண்டும்.


சிறப்புப் பயிற்றுநர் | செவ்வாய், இரவு 11:50

லேப் பொறுப்பு சார் எழுதிய எழுத்துரு விஷயத்தைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது. எங்களுக்கு அது வினாத்தாள் பிரச்சினை மட்டும் இல்லை.

நான் வள மையத்தில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர். வட்டார வள மையம் என்றால் பயிற்சிக் கூடம் என்றுதான் பலருக்குத் தெரியும். அங்கே இயன்முறை மருத்துவர் வருவதும், பகல்நேரப் பராமரிப்பு மையம் இயங்குவதும், பள்ளிக்கு வரமுடியாத பிள்ளைகளை நாங்கள் வீட்டுக்கே போய்ப் பார்ப்பதும் வெளியே தெரிவதில்லை. தொழில்நுட்பம் உண்மையில் ஒரு பிள்ளையின் வாழ்க்கையைத் திருப்புவதை நான் இந்த வேலையில்தான் பார்க்கிறேன்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன், பார்வை முழுதாக இல்லை. பிரெயில் கொஞ்சம் தெரியும், ஆனால் எல்லாப் பாடத்துக்கும் பிரெயில் நூல் நேரத்துக்குக் கிடைக்காது. திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பானை அவனுக்குப் பழக்கினேன். பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள் 2006-இல் தொடங்கியது, இலவசம், தமிழையும் படிக்கும். விண்டோஸ் கணினியில் நிறுவாமல் பென் டிரைவில் வைத்தே ஓட்டலாம். பள்ளிக் கணினியில் எதையும் நிறுவ எங்களுக்கு அனுமதி இல்லை என்பதால் இது பெரிய வசதி. பையன் பென் டிரைவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருவான். அதன் தமிழ்க் குரல் இயந்திரத்தனமாகத்தான் இருக்கும். முதலில் அவனுக்குப் புரியவில்லை. பழகியபிறகு நமக்குப் புரியாத வேகத்தில் வைத்துக் கேட்கிறான்.

இடிக்கும் இடம் இதுதான். பாடநூல் பிடிஎஃப்பைத் திறந்தால் திரைவாசிப்பான் குழறுகிறது. கண்ணுக்கு அழகான தமிழ், உள்ளே எழுத்துருக் குறியீடு வேறு. அதனால் பாடத்தை யாராவது யூனிகோடில் அடித்துக் கொடுக்கவேண்டும். நான் சிலவற்றை அடித்தேன், அவன் வகுப்புத் தோழிகள் இருவர் சிலவற்றை அடித்தார்கள். ஒவ்வொரு ஒன்றியத்திலும் யாரோ ஒருவர் இதே பாடத்தை இதே மாதிரி உட்கார்ந்து அடித்துக்கொண்டிருப்பார். வள மையங்கள் தங்களுக்குள் இதைப் பகிர்ந்துகொண்டால் எவ்வளவு வேலை மிச்சம். தமிழ்99 பழகிய ஆசிரியர்கள் யாராவது மாதம் ஒரு பாடம் அடித்துத் தர முன்வந்தால் இங்கேயே பதில் போடுங்கள், நான் தொடர்புகொள்கிறேன்.


லேப் பொறுப்பு | புதன், காலை 7:10

அம்மா, எட்டாம் வகுப்புக் கணக்கு நான் அடித்துத் தருகிறேன். பின்னம், வர்க்கமூலம் எல்லாம் திரைவாசிப்பானுக்கு எப்படி எழுதவேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். "மூன்றின் கீழ் நான்கு" என்று சொல்லாகவே எழுதிவிடவா?


சிறப்புப் பயிற்றுநர் | புதன், காலை 7:45

ரொம்ப நன்றி சார். சொல்லாகவே எழுதுங்கள். நீண்ட கோவையாக இருந்தால் அடைப்புக்குறி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். படம் வரும் இடத்தில் அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி எழுதினால் போதும்.


மூணாறு ஆசிரியர் | புதன், மாலை 6:30

நான் கேரளத்தில், இடுக்கி மாவட்டத்தில் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர். எல்லையின் இந்தப் பக்கம் எப்படி என்று சொல்கிறேன், ஒப்பிட்டு யாரையும் மட்டம் தட்ட இல்லை.

இங்கே 2001-இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்று தொடங்கினார்கள். 2017-இல் அதுவே கைட் என்ற அரசு நிறுவனம் ஆனது. மாவட்டம்தோறும் அலுவலகம், அதில் மாஸ்டர் டிரெய்னர்கள். அவர்களும் ஆசிரியர்களாக இருந்து வந்தவர்கள்தான். உயர்நிலைப் பள்ளிகளில் ஆசிரியர் ஒருவரே ஐ.டி. ஒருங்கிணைப்பாளர். மென்பொருள் முழுக்கக் கட்டற்றது, லினக்ஸில் அவர்களே பள்ளிக்கென்று தொகுத்தது, ஜியோஜீப்ரா போன்ற கணக்கு மென்பொருள்களும் உள்ளேயே இருக்கும். உரிமத்துக்குப் பணம் இல்லை என்பதால் எந்தப் பள்ளியிலும் நிறுவலாம். ஐ.டி. பாடநூல் எங்களுக்குத் தமிழிலேயே வருகிறது. எல்லைப்புறத் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

45,000 வகுப்பறைகளை ஹைடெக் ஆக்கியபோது பழுதைப் பதிவு செய்யத் தனி இணையதளம் வைத்தார்கள். குறித்த நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் நிறுவனத்துக்குத் தினமும் அபராதம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். அதனால் மாஸ்டர் டிரெய்னர் பள்ளிக்கு வரும்போது பாடத்தைப் பற்றிப் பேச நேரம் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது லிட்டில் கைட்ஸ். 2018-இல் தொடங்கிய மாணவர் மன்றம். புரொஜெக்டர் வேலை செய்யவில்லை என்றால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே வந்து கேபிளைப் பார்த்துச் சரிசெய்துவிடுவார்கள். அனிமேஷன், புரோகிராமிங் எல்லாம் பழகுகிறார்கள். மலையில் எங்கள் பள்ளியில் மழைக்காலத்தில் கரண்ட் போவதும் இணையம் அறுவதும் உண்டு, அதற்கு எந்த மன்றத்தாலும் ஒன்றும் செய்யமுடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.


பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் | புதன், இரவு 8:00

நான் ஆசிரியர் இல்லை, பெற்றோர். எலக்ட்ரீஷியன் தொழில். 2022-இல் பள்ளி மேலாண்மைக் குழுக்களை மாற்றியமைத்தார்களே, அப்போது சேர்ந்தேன்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் பலகை மாட்ட வந்தவர்கள் பழைய பிளக் பாயின்டிலேயே சொருகிவிட்டுப் போனார்கள். பார்த்தால் எர்த்தே இல்லை. இடி மின்னலில் டிவி போன வீடுகள் எங்கள் ஊரில் நிறைய. குழுக் கூட்டத்தில் பேசி, எர்த் பைப் இறக்கி, கோளாறு என்றால் கரண்டைத் தானே துண்டிக்கும் தனி எம்.சி.பி. போட்டு, ஜன்னலுக்குக் கம்பி வைத்தோம். பெரிய செலவு ஆகவில்லை. டீச்சர்மார் இதை வள மையத்துக்கு எழுதிக் காத்திருக்கவேண்டாம், ஊரிலேயே ஒரு வயர்மேன் இருப்பார். நம் பிள்ளை படிக்கிற பள்ளி என்றால் கூலி கேட்கமாட்டார்.

ஒன்று மட்டும். மழைநாளில் பள்ளி முடிந்ததும் சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கையும் பிடுங்கி வையுங்கள். இணையப் பெட்டிக்கு வரும் அடாப்டரையும்தான்.


வலயத்து ஆசிரியை | புதன், இரவு 9:40

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு இதே வேலையை வலயக் கல்வி அலுவலகத்தின் கீழ் இருக்கும் கணினி வள நிலையம் செய்கிறது. அங்கே ஒரு கணினிக் கூடம் இருக்கும். ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடக்கும், பாடசாலையை விட்டு விலகிய பிள்ளைகளுக்கும் பாடநெறி நடக்கும். கணினிக் கூடம் இல்லாத சின்னப் பாடசாலைகளின் பிள்ளைகள் முறைவைத்து அங்கே வந்து பழகியதும் உண்டு. தரம் 12 பிள்ளைகளுக்குப் பொதுத் தகவல் தொழில்நுட்பப் பரீட்சை இருந்ததால் அந்தப் பழக்கம் மிகவும் உதவியது.

அங்கே பொருட்கள் உங்களைவிடக் குறைவுதான். 2022-இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் எந்தக் கணினியைத் தொடுவது? அப்போது எங்களுக்குக் கைகொடுத்தது ஆசிரிய ஆலோசகர். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழில் இருந்தவற்றை மின்சாரம் வந்த நேரத்தில் தரவிறக்கி, பென் டிரைவில் பாடசாலை பாடசாலையாகக் கொண்டுவந்து தந்தார். எரிபொருளுக்கு வரிசை நின்ற நாட்களில் சைக்கிளில் வந்தார். எந்தப் பாடத்தை எந்தக் கிழமை நடத்துகிறோம் என்று கேட்டு அதற்குரியதை மட்டும் கொண்டுவந்ததால், கிடைத்த கொஞ்ச நேரத்தை வீணாக்காமல் பாவித்தோம்.

பயிற்றுநர் வடக்கு எழுதியதுபோல பாடத்தை வைத்துக் கேட்பது சரியான வழி ரீச்சர். எங்களிடம் அது வேலை செய்தது.


ஒன்றாம் வகுப்பு | வியாழன், காலை 5:50

எல்லோரும் பலகையை எப்படிப் பயன்படுத்துவது என்றே பேசுகிறீர்கள். எப்போது அணைத்து வைப்பது என்று யாரும் பேசவில்லை. பல வருடமாக ஒன்றாம் வகுப்பு எடுக்கிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

சின்ன வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்தபோது பாட்டு, கதை, பொம்மலாட்டம், களம் களமாகச் செயல்பாடு என்று வகுப்பறை உயிர்பெற்றது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பார்த்துப் பிரித்தது நல்ல விஷயம். ஆனால் அந்த நிலையைச் செயலியில் ஏற்றத் தொடங்கியதும், பிள்ளை முகத்தைப் பார்க்கவேண்டிய நேரத்தில் நான் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது பலகையும் வந்திருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளை "அ" எழுதப் பழகவேண்டியது மணலில், சிலேட்டில். விரலுக்கு அந்த உராய்வு வேண்டும். கண்ணாடியில் விரலை இழுத்தால் கை பழகாது. பாட்டுக்கூடப் பலகை பாடினால் பிள்ளை கேட்டுக்கொண்டு உட்காரும், நான் பாடினால் கூடப் பாடும்.

வள மையம் பள்ளிக்கு வந்தால் "இந்த வாரம் எத்தனை மணிநேரம் பலகை ஓடியது" என்று கேட்காமல் இருந்தாலே பாதி உதவி செய்ததாகும்.


பயிற்றுநர் வடக்கு | வியாழன், இரவு 9:00

அம்மா, நீங்கள் எழுதியதை எங்கள் மையக் கூட்டத்தில் அப்படியே படித்துக் காட்டப்போகிறேன். ஒன்று இரண்டு வகுப்புகளைப் பொறுத்தவரை எனக்கும் அதே கருத்துதான். பயன்பாட்டு நேரத்தை எண்ணத் தொடங்கினால் காலி வகுப்பில்கூடப் பலகை ஓடும்.

ஆனால் நான்காம் வகுப்புப் பின்னத்தில் எனக்கு வேறு அனுபவம், அதையும் சொல்லவேண்டும். 1/3 பெரியதா, 1/4 பெரியதா என்று கேட்டால் வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகள் 1/4 என்பார்கள், நான்கு மூன்றைவிடப் பெரியது என்பதால். காகிதம் மடித்தால் கொஞ்சம் தெளியும், ஆனால் காகிதத்தை மூன்றாகச் சரியாக மடிப்பது பெரியவர்களுக்கே கஷ்டம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன்களில், அதாவது திரையில் தொட்டுச் செய்து பார்க்கும் பாட மாதிரிகளில், பின்னத்துக்கு ஒன்று உண்டு. வட்டத்தை இரண்டு, மூன்று, நான்கு, எட்டு என்று பிரித்துக்கொண்டே போகலாம். துண்டு எண்ணிக்கை கூடக் கூட ஒவ்வொரு துண்டும் சின்னதாவதைப் பிள்ளை தன் விரலால் செய்து பார்க்கிறது. ஃபெட் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வைமன் 2002-இல் தொடங்கியது, இலவசம், பல சிமுலேஷன்கள் தமிழிலும் இருக்கின்றன. முதலில் காகிதம், பிறகு பலகையில் கொஞ்ச நேரம், பிறகு பலகையை அணைத்துவிட்டு நோட்டில் படம் வரைந்து எழுதுவது. இந்த வரிசையில் நடத்தியபோது மறுநாள் கேட்டாலும் பிள்ளைகள் சரியாகச் சொன்னார்கள்.

கரிசல் டீச்சருக்கு: மூன்று வகுப்பு ஒரே அறை என்றால் பலகையைப் பார்த்து நான்காம் வகுப்பு மட்டும் அரைவட்டமாகத் தரையில் உட்காரட்டும். ஐந்தாம் வகுப்பு பின்பக்கம் சுவர்ப் பலகையைப் பார்த்து உட்காரவேண்டும், அவர்களுக்கு எழுத்து வேலை. மூன்றாம் வகுப்புக்கு மணிச்சட்டமோ புளியங்கொட்டையோ கொடுத்து வராந்தாவில் இரண்டிரண்டு பேராக உட்காரவைக்கலாம். பலகையின் ஒலியை அணைத்துவிடுங்கள், இந்தப் பாடத்துக்கு ஒலி தேவையே இல்லை. ஒலி இல்லாவிட்டால் மற்ற வகுப்புகள் திரும்பிப் பார்ப்பது பாதியாகக் குறையும்.


கரிசல் டீச்சர் | ஞாயிறு, மாலை 4:15

எல்லோர் பதிலையும் அச்செடுத்து தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். உட்கார்ந்து முழுதும் படித்தார். ஓய்வுபெற்ற ஐயா எழுதிய பகுதியை இரண்டு முறை படித்தார்.

வள மையத்துக்குக் கடிதம் எழுதிவிட்டோம். கேட்டவை இவை: பின்னப் பாடத்தின்போது எங்கள் பயிற்றுநர் வகுப்பில் கூட இருக்கவேண்டும், அதே பாடம் முடியும்போது மறுபடி ஒருமுறை வரவேண்டும். இரண்டாவது வருகையைச் சேர்க்கச் சொன்னவர் ஹெச்.எம்.தான். முதல் முறை வந்து காட்டிவிட்டுப் போனால் போதாது, நாம் தனியாக நடத்திச் சிக்கிய இடத்தில்தான் ஆள் வேண்டும் என்றார். அப்புறம், பொருள் பழுது, திருட்டு, பதிவேடு பற்றிய அந்த ஒரு பக்கத் தாளையும் கேட்டிருக்கிறோம். ஒன்று இரண்டு வகுப்புக்குப் பயன்பாட்டு நேரம் கேட்கவேண்டாம் என்பதை ஹெச்.எம். கூட்டத்தில் வாய்மொழியாகச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

எர்த் விஷயத்துக்கு ஊர் வயர்மேன் நேற்றே வந்து பார்த்துவிட்டார். எங்களுக்கும் எர்த் இல்லை. வரும் சனிக்கிழமை போடுகிறார்.

பயிற்றுநர் சார், ஒரு சந்தேகம். எங்களுக்கு இணையம் மதியத்துக்கு மேல் ரொம்ப மெதுவாகிறது, கணக்குப் பாடவேளையோ மதியம்தான். அந்தச் சிமுலேஷன் இணையம் இல்லாமல் ஓடுமா?


பயிற்றுநர் வடக்கு | ஞாயிறு, இரவு 7:30

ஓடும் டீச்சர். சிமுலேஷன் பக்கத்திலேயே தரவிறக்கும் குறி இருக்கும். தமிழ் வேண்டுமென்றால் மொழிபெயர்ப்புப் பட்டியலில் தமிழைத் தேடி, அந்த வரியில் உள்ள தரவிறக்கும் குறியைத் தொடவேண்டும். ஒரே கோப்பாக இறங்கும். பென் டிரைவில் போட்டு, பலகையின் பிரவுசரில் திறந்தால் போதும். முதல் நாள் மாலையே ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள், சில பலகைகளில் பிரவுசர் பழையதாக இருந்தால் திரை வெள்ளையாகவே நிற்கும். அப்படியானால் கைக்கணினியில் திறந்து கேபிள் வழியாகப் பலகைக்குக் கொடுங்கள்.

உங்கள் பயிற்றுநர் வரும் தேதி உறுதியானதும் இங்கே போடுங்கள். அவருக்கும் இந்த முறை புதிது என்றால் அதற்கு முன்னால் நான் ஃபோனில் பேசுகிறேன்.


வலயத்து ஆசிரியை | ஞாயிறு, இரவு 8:10

அந்தக் கோப்புகளைப் பாடவாரியாகச் சேர்த்து வைத்திருந்தால் எங்களுக்கும் தாருங்கள் சேர். தரம் 4, தரம் 5 கணிதத்துக்கு அப்படியே பொருந்தும்.


பயிற்றுநர் வடக்கு | ஞாயிறு, இரவு 8:25

சேர்த்து வைத்திருக்கிறேன் அம்மா. பின்னம், இடமதிப்பு, பரப்பளவு மூன்றும் தயார். நாளை மாலை இங்கேயே இணைப்பு தருகிறேன்.